மீதி 26 தோட்டா எங்கே போச்சு? - தம்பி செய்த துப்பாக்கி கேமும் பெரியப்பா கேட்ட கேள்வியும்!

உங்கள் வீட்டில் பள்ளிக்கோ கல்லூரிக்கோ போகிற பிள்ளை ஒன்று இருந்தால், துப்பாக்கிச் சத்தம் உங்களுக்குப் பழகிப்போயிருக்கும். ரசம் கொதிக்கும்போதும் கேட்கும், சீரியல் ஓடும்போதும் கேட்கும். 'ரைட்ல ஒருத்தன்டா... ரீலோடு பண்றேன்... கவர் குடு!' என்று ஹாலில் உட்கார்ந்து யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். தாம்பரத்தில் எங்கள் வீட்டில் அந்தக் குரல் பெரும்பாலும் என் தம்பியுடையது. சில ஞாயிற்றுக்கிழமைகளில் என்னுடையது.

ஆமாம், நானும் ஆடுவேன். 2020 செப்டம்பரில் பப்ஜிக்குத் தடை வந்தபோது துக்கம் விசாரித்துக்கொண்டவர்களில் நானும் ஒருத்தி. 2021 ஜூலையில் அது பி.ஜி.எம்.ஐ. என்று பெயர் மாற்றிக்கொண்டு வந்தது. 2022 ஜூலையில் மறுபடி காணாமல்போய், 2023 மே மாதம் கோபம் தீர்ந்த மாப்பிள்ளை மாதிரி திரும்பி வந்தது. இத்தனைக்கும் நடுவில் எங்கள் வீட்டில் சத்தம் மட்டும் நிற்கவே இல்லை.

தம்பி இப்போது கல்லூரியில் கடைசி வருடம். ஆடியது போதாது என்று, இரண்டு நண்பர்களோடு சேர்ந்து ஒரு கேமே செய்துகொண்டிருக்கிறான். இறுதியாண்டு ப்ராஜெக்ட். எங்கள் ஏரியாவைப் போலவே ஒரு கற்பனை ஊர்: ஒரு ரயில்வே மேம்பாலம், ஒரு மார்க்கெட் சந்து, நாலு அபார்ட்மென்ட், ஓர் ஏரிக்கரை. அதில் இரண்டு அணிகள் மோதிக்கொள்ளும்.

"எல்லா கேம்லயும் துப்பாக்கி பொம்மை மாதிரி இருக்குக்கா. நம்ம கேம்ல அது நிஜமா இருக்கணும்" என்றான்.

நிஜம் தெரிந்த ஒருவர் எங்கள் குடும்பத்திலேயே இருக்கிறார். ராஜகீழ்ப்பாக்கத்தில் இருக்கும் பெரியப்பா. குன்னூரை அடுத்த வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் பயிற்சி எடுத்து, பல வருடம் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பரங்கிமலையில் ஆபீஸர்ஸ் ட்ரெயினிங் அகாடமி, இந்தப் பக்கம் தாம்பரம் ஏர்ஃபோர்ஸ் ஸ்டேஷன் என்று சீருடையைப் பார்த்தே வளர்கிற ஏரியா எங்களுடையது. ஆனாலும் பெரியப்பாவிடம் யாரும் துப்பாக்கியைப் பற்றி உட்கார்ந்து கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

முதல் கேள்வியே எடைதான்!

தம்பி லேப்டாப்பைத் திறந்து கேமைக் காட்டினான். பெரியப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஐந்து நிமிடம் பார்த்தார். திரையில் ஓர் ஆள் மேம்பாலப் படிகளில் ஓடி ஏறி, மேலே போன வேகத்தில் குறிபார்த்து, எதிர் மாடியில் இருந்தவனை ஒரே சூட்டில் வீழ்த்தினான்.

"இந்தத் துப்பாக்கி எத்தனை கிலோப்பா?"

"எடை எல்லாம் இல்ல பெரியப்பா... ஓடுற ஸ்பீடு மட்டும் கொஞ்சம் குறையும்."

"நாங்க தூக்கின எஸ்.எல்.ஆர். நாலு கிலோவுக்கு மேல. அதைத் தூக்கிட்டுப் படி ஏறிப் பாரு. அப்புறம் பேசலாம்."

மறுநாள் தம்பி நிஜமாகவே பார்த்தான். இரண்டு இன்ச் பி.வி.சி. பைப்பை ஒரு மீட்டருக்கு வெட்டி, உள்ளே மணலை அடைத்து, இரு பக்கமும் மூடி போட்டான். மளிகைக் கடை எலெக்ட்ரானிக் தராசில் வைத்து நாலு கிலோ வரும்வரை மணலைச் சேர்த்தான். அதன்மேல் தன் மொபைலை ரப்பர் பேண்டால் கட்டினான். போனுக்குள் ஜைரோஸ்கோப் என்று ஒரு சென்ஸார் இருக்கிறது. போன் எந்தப் பக்கம் எவ்வளவு திரும்புகிறது என்று அது அளக்கும். பி.ஜி.எம்.ஐ. ஆடுபவர்கள் போனையே சாய்த்துக் குறிபார்ப்பது இதை வைத்துத்தான். தம்பி அந்த அசைவை ஓர் ஆப்பில் பதிவு செய்தான். நின்றபடி ஒரு நிமிடம், முழங்காலிட்டு ஒரு நிமிடம், படுத்தபடி ஒரு நிமிடம், மூன்று மாடி ஓடி ஏறிய மூச்சிரைப்போடு ஒரு நிமிடம்.

பக்கத்து மாடியில் துணி காயப்போட வந்த ஆன்ட்டி இவன் பைப்பைத் தோளில் வைத்துக் குறிபார்ப்பதைப் பார்த்துவிட்டு, "டேய், என்னடா அது?" என்று பதறினார். "பைப்பு ஆன்ட்டி... காலேஜ் ப்ராஜெக்ட்!" ஆன்ட்டி அதற்குப் பிறகும் இரண்டு நாள் என்னிடம், "தம்பி நல்லாத்தானே இருக்கான்?" என்று விசாரித்தார்.

பதிவான கோடுகளைத் திரையில் பார்த்தபோது எனக்கே ஆச்சர்யம். படுத்திருந்தபோது மெல்லிய அலை. நின்றபோது கொஞ்சம் பெரிய அலை. மாடி ஏறி வந்தபோது சின்னக் குழந்தை கிறுக்கியது மாதிரி இருந்தது. அந்தக் கிறுக்கலைத்தான் தம்பி அப்படியே கேமுக்குள் போட்டான். இப்போது அவன் ஹீரோ படியேறி ஓடிவந்து உடனே குறிபார்த்தால், குறி எங்கெங்கோ அலைகிறது. கொஞ்சம் நின்று மூச்சு வாங்கிக்கொண்டால்தான் அடங்குகிறது.

ஒரு மில்லிமீட்டர் விலகினால்...

குறிபார்ப்பது என்றால் நாம் நினைப்பது திரையின் நடுவில் ஒரு புள்ளி. நிஜத் துப்பாக்கியில் அந்தப் புள்ளி கிடையாது. குழலின் நுனியில் ஒரு முள், கண்ணுக்குப் பக்கத்தில் ஒரு பிளவு. இரண்டும் ஒரே கோட்டில் வர வேண்டும். ஏ.கே.எம். துப்பாக்கியில் இவை இரண்டுக்கும் இடையே சுமார் 38 சென்டிமீட்டர். அதில் முள் ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகினால் 100 மீட்டர் தள்ளித் தோட்டா சுமார் 26 சென்டிமீட்டர் விலகிப் போகும். 200 மீட்டரில் அரை மீட்டருக்கு மேல். இது ஸ்கூலில் படித்த முக்கோணக் கணக்குதான். வேண்டுமானால் நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

பப்ஜி ஆடியவர்களுக்கு ஏ.கே.எம். வீட்டு நாய்க்குட்டியின் பெயர் மாதிரி பழக்கம். அதே ஏ.கே. குடும்பத்தைச் சேர்ந்த துப்பாக்கி ஒன்று நம் திருச்சியில் உள்ள அரசுத் தொழிற்சாலையில் தயாராகிறது என்பது பலருக்குத் தெரியாது. பெயரே 'திருச்சி அசால்ட் ரைஃபிள்'.

இந்த ஒரு மில்லிமீட்டரைக் கட்டுப்படுத்துவதற்குத்தான் விளையாட்டு வீரர்கள் வருடக்கணக்கில் உழைக்கிறார்கள். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன், டோக்கியோ, பாரிஸ் என இரண்டு ஒலிம்பிக்ஸில் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் ஆடியவர். அந்தப் போட்டியில் பத்து மதிப்பெண்ணுக்கான நடுப்புள்ளியின் அகலம் அரை மில்லிமீட்டர். பேனா முனையால் வைத்த ஒரு புள்ளி!

பெரியப்பா காலத்தில் இதற்கு ஒரு பயிற்சி இருந்ததாம். தோட்டா இல்லாத துப்பாக்கியின் குழல் மேல் ஒரு நாணயத்தை வைத்துவிட்டு ட்ரிகரை இழுக்க வேண்டும். நாணயம் விழக் கூடாது. "ட்ரிகரை இழுக்கிறது இல்லம்மா, பிழியிறது. எலுமிச்சம்பழம் பிழியிற மாதிரி. எப்ப வெடிக்கும்னு உனக்கே தெரியக் கூடாது" என்றார். இரண்டு ரூபாய் நாணயத்தோடு நாங்கள் பி.வி.சி. பைப்பில் முயன்றதை இங்கே எழுத வேண்டாம்.

கேம் உலகமும் முயன்றிருக்கிறது

துப்பாக்கியை நிஜமாக்க வேண்டும் என்ற ஆசை தம்பிக்கு மட்டும் வந்ததில்லை. பழைய கேம்கள் பலவற்றில் பட்டனை அமுக்கிய அதே நொடி எதிரி மேல் அடி விழும். தோட்டா என்று ஒன்று பறப்பதே இல்லை. செக் நாட்டில் உருவான ஆர்மா வரிசை கேம்களில் தோட்டா பறக்க நேரம் எடுக்கும், தூரம் போகப் போகக் கீழே இறங்கும், ஓடினால் கை நடுங்கும். பப்ஜியை உருவாக்கிய பிரெண்டன் கிரீன் முதலில் ஆர்மா-2 கேமை மாற்றியமைத்துத்தான் தன் கைவரிசையைக் காட்டினார். பப்ஜியில் தூரத்தில் இருப்பவனைச் சுட, தலைக்குக் கொஞ்சம் மேலே குறிவைக்கிறோமே, அந்த வழக்கம் இந்தப் பரம்பரையில் வந்ததுதான்.

2008-ல் வந்த ஃபார் க்ரை-2 கேமில் பழைய துப்பாக்கி துருப்பிடித்து நடுச்சண்டையில் சிக்கிக்கொள்ளும். 2012-ல் வந்த ரிசீவர் என்ற சின்ன கேமில் மேகசினைக் கழற்ற ஒரு பட்டன், தோட்டாவை ஒவ்வொன்றாக நிரப்ப ஒரு பட்டன், பூட்டை விடுவிக்க ஒரு பட்டன். ஆடுபவர்களுக்குக் கை பின்னிக்கொள்ளும்.

ரொம்ப நிஜமானால் எல்லோருக்கும் பிடிக்குமா? ஸ்க்வாட் என்ற கேமில் 2023 செப்டம்பரில் ஒரு பெரிய மாற்றம் செய்தார்கள். ஓடி வந்தால் குறி ஆடும், பக்கத்தில் தோட்டா பறந்தால் பார்வை மங்கும். பாதிப் பேர் 'இதுதான் கேம்' என்றார்கள். மீதிப் பேர் 'என் ஆளுக்கு என்ன நரம்புத் தளர்ச்சியா?' என்று கோபப்பட்டார்கள்.

நம் ஊரில் இன்னொரு விதமாக நடந்தது. 2020 ஜூன் 15 இரவு கல்வான் பள்ளத்தாக்கில் நடந்த மோதலில் ராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூரைச் சேர்ந்த ஹவில்தார் பழனி உட்பட 20 இந்திய வீரர்கள் உயிரிழந்தார்கள். அங்கே துப்பாக்கிகள் வெடிக்கவில்லை. கையாலும் கல்லாலும் தடியாலும் நடந்த சண்டை அது. அதை வைத்து 2021 ஜனவரி 26 அன்று ஃபாவ்ஜி என்ற இந்திய கேம் வந்தபோது, அதிலும் முதலில் துப்பாக்கி இல்லை. பப்ஜிக்குப் பதிலாக எதிர்பார்த்துக் காத்திருந்தவர்கள், 'ராணுவ கேம்ல துப்பாக்கியே இல்லையா?' என்று ஏமாந்தார்கள். நடந்தது என்னவோ அப்படித்தான்.

ஐந்து தோட்டாவுக்கு ஒரு நாள்

நான் ஒரே ஒரு நாள் நிஜத் துப்பாக்கி சுட்டிருக்கிறேன். கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தபோது. பாயின்ட் 22 ரைஃபிள், 25 மீட்டர் தூரம், ஆளுக்கு ஐந்து தோட்டா.

விடியற்காலை பஸ் ஏறினோம். வெயில் ஏறும்வரை வரிசையில் உட்கார்ந்திருந்தோம். சிவப்புக் கொடி ஏறிய பிறகுதான் முதல் ஆளையே கூப்பிட்டார்கள். படு என்றால் படுக்க வேண்டும், லோடு என்றால் லோடு. சொல்லும்வரை விரல் ட்ரிகருக்குப் பக்கத்திலேயே போகக் கூடாது. ஒரு தோழி சந்தேகம் கேட்பதற்காகத் துப்பாக்கியோடு லேசாகத் திரும்பினாள். இன்ஸ்ட்ரக்டர் போட்ட சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. துப்பாக்கியில் தோட்டாவே இல்லை. ஆனாலும் இருப்பதாகவே நினைக்க வேண்டும் என்பதுதான் முதல் பாடம்.

ஐந்து தோட்டாவும் முடிய இரண்டு நிமிடம் ஆகியிருக்காது. அதற்குப் பிறகு அரை மணி நேரம் நடந்ததுதான் எனக்கு அப்போது புரியவில்லை. சிதறிக் கிடந்த காலி ஓடுகளைப் பொறுக்கி எண்ணினார்கள். கொடுத்த தோட்டா எத்தனை, வந்த ஓடு எத்தனை என்று கணக்குப் பார்த்தார்கள். ஒன்று புல்லுக்குள் ஒளிந்துகொண்டது. அது கிடைக்கும்வரை யாரும் கிளம்பவில்லை. நாங்கள் இருபது பேர் மண்டியிட்டு, சுண்டுவிரல் நகம் அளவுள்ள அந்தப் பித்தளைத் துண்டைத் தேடினோம்.

பி.ஜி.எம்.ஐ.யில் மேகசினில் பத்துத் தோட்டா மிச்சம் இருக்கும்போது ரீலோடு செய்தால், அந்தப் பத்தும் மாயமாகப் பைக்குள் வந்து சேர்ந்துவிடும். தரையில் கிடப்பதை எடுத்தால் இன்னும் முப்பது. யாரும் எண்ணுவதில்லை.

"அழிச்சிடுவீங்களா? யாரு அழிக்கிறது?"

கை நடுக்கமெல்லாம் சேர்த்த புது வெர்ஷனை எடுத்துக்கொண்டு மறுபடி பெரியப்பா வீட்டுக்குப் போனோம். இந்த முறை தம்பிக்கு முகத்தில் பெருமை. ஓர் ஆட்டம் ஆடிக் காட்டினான். முப்பது தோட்டா சுட்டான், நாலு பட்டது. "பாருங்க பெரியப்பா, இப்ப அவ்வளவு ஈஸி இல்ல" என்றான்.

பெரியப்பா தலையாட்டினார். பிறகு கேட்டார். "மீதி 26 எங்கே போச்சு?"

"மிஸ் ஆயிடுச்சு பெரியப்பா."

"மிஸ் ஆகி எங்கே போச்சு?"

"அது... குறிப்பிட்ட தூரம் தாண்டினா நாங்களே அழிச்சிடுவோம். இல்லன்னா போன் சூடாகும், கேம் ஸ்லோவாகும்."

"அழிச்சிடுவீங்களா? நிஜத்துல யாரு அழிக்கிறது?"

தம்பியிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. என் கையில் வந்த சின்ன பாயின்ட் 22 தோட்டாவே ஒரு கிலோமீட்டர் தாண்டிப் போகும் என்றார் பெரியப்பா. ராணுவ ரைஃபிளின் தோட்டா சில கிலோமீட்டர் போகும். அதனால்தான் சுடும் இடத்துக்குப் பின்னால் மலையோ மண்மேடோ இருக்க வேண்டும், அதனால்தான் சிவப்புக் கொடி, அதனால்தான் ஆடு மாடு மேய்ப்பவர்களைத் தடுக்க வழியெல்லாம் காவல்.

அவர் அதோடு நிறுத்தவில்லை. எங்கள் பூர்வீகம் புதுக்கோட்டை மாவட்டம். 2021 டிசம்பர் 30 அன்று நார்த்தாமலைப் பக்கம் ஒரு துப்பாக்கிச் சுடும் பயிற்சித் தளத்தில் மத்திய தொழில் பாதுகாப்புப் படையினரின் பயிற்சி நடந்தது. தளத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால் தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் ஒரு குண்டு பாய்ந்தது. தஞ்சாவூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நாலு நாள் போராடி, 2022 ஜனவரி 3 அன்று இறந்துபோனான்.

அந்தச் செய்தி வந்தபோது நானும் படித்திருக்கிறேன். அடுத்த செய்திக்குப் போயிருக்கிறேன். பெரியப்பாவுக்கு அது ஊர்ச் செய்தி மட்டும் இல்லை, தொழில் செய்தியும்கூட. "சுட்டவனுக்கு அந்தப் பையன் இருக்கிறதே தெரியாதும்மா. அவன் குறிபார்த்தது ஒரு அட்டையை. தோட்டாவுக்கு அட்டை எது, ஆளு எதுன்னு தெரியாது" என்றார். அதன் பிறகு லேப்டாப்பைத் தம்பி பக்கம் நகர்த்திவிட்டு, காபி ஆறிப்போகிறது என்று சொன்னார்.

வரைபடத்தில் சிவப்புப் புள்ளிகள்

திரும்பி வரும் வழியெல்லாம் வண்டியில் தம்பி பேசவே இல்லை. கேம்ப் ரோடு சிக்னலில் நிற்கும்போது, "தோட்டாவை வரைய வேணாம்க்கா, எங்கே போய் முடியும்னு கணக்கு மட்டும் போட்டா போன் சூடாகாது" என்றான்.

ஒரு வாரத்தில் செய்துவிட்டான். இப்போது ஆட்டம் முடிந்ததும் வழக்கமான 'வின்னர்' திரைக்கு முன்னால் இன்னொரு திரை வருகிறது. ஊரின் வரைபடம். மேலே, 'சுட்டது 30. பட்டது 4' என்ற வரி. கீழே 26 சிவப்புப் புள்ளிகள். ஒன்று தண்ணீர்த் தொட்டியில். ஏழு ஏரிக்குள். சில காம்பவுண்டுச் சுவரில். மூன்று புள்ளிகள், ஆட்டத்தில் சம்பந்தமே இல்லாத ஓர் அபார்ட்மென்ட்டின் ஜன்னல்களில். எந்தப் புள்ளியைத் தொட்டாலும் அது என்ன இடம் என்று காட்டும். ரத்தம் இல்லை, அழுகுரல் இல்லை. 'இரண்டாவது மாடி, சமையலறை' என்று இருக்கும். அவ்வளவுதான்.

நண்பர்கள் ஐந்து பேரைக் கூப்பிட்டு ஆடச் சொன்னான். முதல் முறை சிரித்தார்கள். "டேய், நீ போஸ்ட் ஆபீஸையே சுட்டிருக்கடா!" என்று ஒருவரை ஒருவர் ஓட்டினார்கள். சமையலறைப் புள்ளியைத் தொட்டவன் மட்டும் சிரிக்கவில்லை. இரண்டாவது ஆட்டத்தில் யாரும் மேகசினைச் சும்மா காலி செய்யவில்லை. மூன்றாவது ஆட்டத்தில் ஒருவன், பின்னால் வீடு இருக்கிறது என்று எதிரியைச் சுடாமல் விட்டுவிட்டுத் தோற்றான். தோற்றுவிட்டு நியாயம் வேறு பேசினான்.

எல்லாம் சுபம் என்று சொல்ல முடியாது. தம்பியின் கூட்டாளிகளில் ஒருவனுக்கு இது பிடிக்கவே இல்லை. "ஜாலியா ஆட வர்றவனுக்கு எதுக்குடா குற்ற உணர்ச்சி? ஸ்கிப் பட்டனாவது வை" என்கிறான். அவன் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. ஆபீஸ் முடிந்து களைத்து வந்து அரை மணி நேரம் ஆடும்போது எனக்கும் பாடம் வேண்டாம், பாராசூட்டில் குதித்தால் போதும். கேமில் சுடுகிறவர்கள் எல்லோரும் நிஜத்திலும் சுடுவார்கள் என்று பயமுறுத்துகிறவர்களோடு நான் ஒத்துப்போவதும் இல்லை. கோடிக்கணக்கானவர்கள் ஆடுகிறார்கள். ஆடி முடித்துவிட்டுச் சாப்பிட்டுத் தூங்குகிறார்கள்.

ஆனால், 'நிஜமான துப்பாக்கி' என்று ஒரு கேம் விளம்பரம் செய்தால், இனி நான் கேட்பது வேறு. சத்தத்தையும் உலோகப் பளபளப்பையும் ரீகாயிலையும் அச்சு அசலாகக் கொண்டுவந்துவிட்டார்கள், சரி. அந்த இன்ஸ்ட்ரக்டரின் சத்தத்தையும், மண்டியிட்டுத் தேடிய பித்தளை ஓட்டையும், தளத்தைத் தாண்டிப் போன ஒரு தோட்டாவையும் விட்டுவிட்டு நிஜத்தை எப்படி முழுசாகச் சொல்ல முடியும்?

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளை ஆடும்போது 'எத்தனை மணி நேரம்?' என்று கேட்டிருப்பீர்கள். அடுத்த முறை பக்கத்தில் உட்கார்ந்து, 'எத்தனை சுட்டே, எத்தனை பட்டுச்சு?' என்று கேட்டுப் பாருங்கள். மீதிக் கணக்கை அவர்களே யோசிக்க ஆரம்பிப்பார்கள். திட்டியிருந்தால் இந்தப் பேச்சு வந்தே இருக்காது.

ப்ராஜெக்ட்டை அடுத்த மாதம் சமர்ப்பிக்க வேண்டும். ஸ்கிப் பட்டன் சண்டை இன்னும் முடியவில்லை. இதற்குள் பெரியப்பா புதிதாக ஒரு கோரிக்கை வைத்திருக்கிறார். சுட்டு முடித்ததும் துப்பாக்கியைப் பிரித்து, புல்த்ரூ போட்டு, எண்ணெய் துடைத்து, ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்டால்தான் ஆட்டம் முடிய வேண்டுமாம்.

"அது அடுத்த வெர்ஷன்ல பெரியப்பா" என்று தம்பி தப்பித்திருக்கிறான்.